செய்வது இங்கே, வரைவது எங்கே?

வண்டலூரில் ஜிஎஸ்டி சாலைக்கு இரு பக்கமும் இரண்டு சாலைகள் பிரிகின்றன. மேற்கே போனால் படப்பை, ஒரகடம், வாலாஜாபாத். கிழக்கே போனால் கேளம்பாக்கம். மேற்குச் சாலையில் பொழுது விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டைக் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கிழக்குச் சாலையில், மேலக்கோட்டையூரில் இருக்கிறது ஒரு மத்திய அரசுக் கல்வி நிறுவனம். அதன் முழுப்பெயரைச் சொல்லி முடிக்க மூச்சு வேண்டும்: இந்தியத் தகவல் தொழில்நுட்பம், வடிவமைப்பு மற்றும் உற்பத்தி நிறுவனம், காஞ்சிபுரம். சுருக்கமாக ஐஐஐடிடிஎம். 2019-இல் மாவட்டம் பிரிந்தபோது வளாகம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் போய்விட்டது. பெயரில் மட்டும் காஞ்சிபுரம் அப்படியே இருக்கிறது.

வடிவமைப்பு, உற்பத்தி இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்து வைத்திருக்கும் கல்விக்கூடம் இது. நாட்டின் மிகப்பெரிய உற்பத்திப் பகுதிகளில் ஒன்று இங்கிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன போக்குவரத்து நடக்கிறது என்பதில்தான் அடுத்த இருபது வருடத் தமிழ்நாட்டின் வேலை அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-இல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-இல் நோக்கியா. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். 2012-இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை. அடுத்த வருடம் ராயல் என்ஃபீல்டு. 2019 முதல் ஃபாக்ஸ்கானில் ஐபோன். ஏரியும் வயலும் பனைமரமுமாக இருந்த ஊர்களின் பெயர்கள் இன்று சியோலிலும் பாரிஸிலும் நடக்கும் கூட்டங்களில் அடிபடுகின்றன.

இந்தப் பொருட்களை யார் வரைந்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு சந்தோஷமாக இருக்காது. இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படும் ஹூண்டாய் கார்களின் உருவம் பெரும்பாலும் கொரியாவின் நம்யாங் ஆராய்ச்சி மையத்தில் முடிவாகிறது. அந்த நிறுவனத்தின் இந்தியப் பொறியியல் மையம்கூட ஹைதராபாத்தில்தான். ராயல் என்ஃபீல்டு சென்னையில் தொழில்நுட்ப மையம் வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் புருண்டிங்தார்ப்பில் இன்னொரு மையம் கட்டி, முக்கியமான வேலைகளை அங்கேயும் செய்கிறது. ஐபோன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கலிபோர்னியாவில் வடிவமைக்கப்பட்டது, இந்தியாவில் பூட்டப்பட்டது என்று அச்சடித்திருக்கும். சுங்குவார்சத்திரத்து விடுதியில் தங்கி, லைனில் நின்று அதைப் பூட்டிய பெண்ணுக்கு இரண்டாவது பாதியில்தான் இடம்.

இதைப் பெருமைக் குறைச்சல் என்ற அளவில் மட்டும் பார்க்கக் கூடாது. இது சோற்றுப் பிரச்சினை. 2014 நவம்பரில் நோக்கியா தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை நிறுத்தியது. வட மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து வந்து, முதல் சம்பளத்தில் வீட்டுக்குக் கூரை மாற்றிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், இருபதுகளின் நடுவிலேயே வேலையிழந்தார்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலைநகரில் 2022 ஜூலையில் கடைசிக் கார் இறங்கியது. ஆனால் அதே ஃபோர்டுக்காகச் சென்னையில் கணினி முன் உட்கார்ந்து பொறியியல் வேலையும் மென்பொருள் வேலையும் பார்த்தவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 2024-இல் அந்த நிறுவனமே சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட வேலையில் பன்னிரண்டாயிரம் பேர். இன்னும் ஆள் எடுக்கப்போவதாகவும் சொன்னது. ஒரே கம்பெனி, ஒரே நகரம். கையால் செய்தவனுக்கு ஒரு விதி, யோசித்து வரைந்தவனுக்கு வேறொரு விதி. ஸ்குரூ முடுக்கும் வேலையை, ஆள் மலிவாகக் கிடைக்கும் வேறு நாட்டுக்கு ஒரு வருடத்தில் மாற்றிவிடலாம். ஒரு பொருளை ஏன் இப்படிச் செய்தோம் என்று தெரிந்த ஐந்நூறு பேரை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

ஒரகடத்தில் பிறந்த கார்

இங்கேயே யோசித்து இங்கேயே செய்த ஒரு பொருள் உண்டு. அதன் கதையை விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் வடிவமைப்புத் துறைகளில் பாடமாகவே வைக்கத் தகுந்த கதை அது.

ரெனோவில் லோகன் போன்ற விலை குறைந்த கார்களின் திட்டத்தை நடத்திய ஜெரார் தெத்தூர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர், பாரிஸில் இருந்துகொண்டு இந்தியாவுக்குக் கார் செய்ய முடியாது என்று சென்னைக்கே வந்து தங்கினார். மிகக் குறைந்த விலையில், அதே நேரம் பார்த்தவர் முகம் சுளிக்காத ஒரு கார் வேண்டும் என்பது இலக்கு. அடித்தளமும் இன்ஜினும் புதிதாக உருவாயின. உதிரிபாகம் செய்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். 2015-இல் ஒரகடத்திலிருந்து க்விட் வெளியே வந்தபோது டெல்லி ஷோரூம் ஆரம்ப விலை 2.57 லட்சம் ரூபாய்.

அந்தக் காரின் அருகில் போய் நின்று பார்த்தால் வடிவமைப்பு என்றால் என்ன என்று புரியும். சக்கரத்தில் நான்கு நட்டுக்குப் பதில் மூன்று. முன்கண்ணாடியைத் துடைக்க இரண்டு வைப்பருக்குப் பதில் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் இது இல்லாமல் முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், முடியும் என்று இன்னொருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதே சமயம் வெளித்தோற்றத்தில் கஞ்சத்தனம் தெரியாது. சின்னக் கார் என்றால் தலையைக் குனிந்து நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை உடைத்து, எஸ்யூவி போல நெஞ்சை நிமிர்த்தி நின்றது. முதல் கார் வாங்கும் குடும்பத்தின் ஆசை எது என்று வரைந்தவருக்குத் தெரிந்திருந்தது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நல்ல விளம்பரமாக இருந்திருக்கும். 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு க்விட்டை மோதல் சோதனை செய்தபோது பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. எதை வெட்டலாம் என்ற கேள்விக்கு எல்லை எங்கே என்பது அன்று எல்லோருக்கும் உறைத்தது. ஆனால் அதே அடித்தளத்தை வளர்த்துச் செய்த டிரைபர் 2021-இல் பெரியவர்களின் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. பூஜ்யத்திலிருந்து நான்குக்கு ஐந்து வருடம். இங்கே வரைந்தவர்கள் இங்கேயே இருந்ததால்தான் தவற்றைத் திருத்துவதும் இங்கே நடந்தது என்றே நான் நினைக்கிறேன். வெளிநாட்டில் வரைந்து அனுப்பும் வரைபடமாக இருந்திருந்தால், திருத்தமும் அங்கிருந்து தபாலில் வரும்வரை நாம் காத்திருந்திருப்போம். க்விட்டின் மின்சார வடிவம் பிறகு டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் ஐரோப்பியச் சாலைகளுக்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

2025 ஏப்ரலில் ரெனோ, பிரான்ஸுக்கு வெளியே தன் மிகப்பெரிய வடிவமைப்பு மையத்தைச் சென்னையில் திறந்தது. நிசானின் பங்கை வாங்கி ஒரகடம் ஆலையை முழுதாகத் தன் வசம் கொண்டுவரும் முடிவையும் அதே காலத்தில்தான் எடுத்தது. ஆலை இருக்கும் ஊரிலேயே வரையும் மேசையும் இருக்க வேண்டும் என்ற கணக்கு ஒரு பெரிய நிறுவனத்துக்கு விளங்கிவிட்டது. அந்த மேசைகளுக்கு ஆள் எங்கிருந்து வரப்போகிறார்கள்?

துறைகளில் என்ன நடக்கிறது

மேலக்கோட்டையூர் நிறுவனம் 2007-இல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் சொந்தக் கட்டடம் இல்லாமல் சென்னை ஐஐடி வளாகத்தில் இருந்தது. 2014-ஆம் வருடச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. அதே 2007-இல்தான் மத்திய அரசு தேசிய வடிவமைப்புக் கொள்கையை ஏற்றது. அகமதாபாத்தில் 1961 முதல் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைப் போல இன்னும் சில நிறுவனங்கள் நாட்டில் வரும் என்று அந்தக் கொள்கை சொன்னது. வந்தன: ஆந்திரம், ஹரியானா, அசாம், மத்தியப் பிரதேசம். தமிழ்நாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. இத்தனை ஆலைகளை வைத்துக்கொண்டிருக்கும் மாநிலம் இதைக் கேட்டு வாங்காமல் விட்டது எனக்கு ஆறாத வருத்தம்.

அதனால் இங்கே வடிவமைப்புக் கல்வி என்பது பொறியியலின் தோளில் ஏறித்தான் வந்தது. அதிலும் ஒரு நன்மை இருக்கிறது. ஐஐஐடிடிஎம்மில் கணினிப் பிரிவில் சேர்ந்தாலும் இயந்திரப் பிரிவில் சேர்ந்தாலும் வடிவமைப்புப் பாடங்களிலிருந்து தப்ப முடியாது. வரைதல், மாதிரி செய்தல், அதைச் சோதித்தல், ஒரு பொருள் சமூகத்துக்குள் போய் என்ன செய்கிறது என்று யோசித்தல், எல்லாம் பாடத்திட்டத்துக்குள் வருகின்றன. பல துறைகளையும் கலந்து வடிவமைப்பும் புத்தாக்கமும் கற்பிக்க அங்கே ஒரு தனிப்பள்ளியே இருக்கிறது. மாணவர் ஒரு பொருளைச் செய்து தொழிலாக்க விரும்பினால் கைகொடுக்க மேடிட் என்ற தொழில் வளர்ப்பகமும் உண்டு. புரோகிராம் எழுதப் போகிற பையனும் ஒரு தடவையாவது அரம் பிடித்து, தகடு வெட்டி, தான் நினைத்த அளவுக்கும் கையில் வந்த அளவுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்கிறான். நான்கு வருடப் படிப்பில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டான்.

சென்னை ஐஐடியில் பொறியியல் வடிவமைப்புத் துறை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே வந்துவிட்டது. வாகனத் தொழில் வளர்ந்துகொண்டிருந்த நகரத்தில், அந்தத் தொழிலை மனதில் வைத்தே உருவான துறை. அங்கே படித்து 2012-இல் வெளியே வந்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் ஆளுக்கொரு கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார்கள். மேத்தா போனது அசோக் லேலண்டுக்கு. பிறகு இருவரும் திரும்பிவந்து 2013-இல் ஏத்தர் எனர்ஜியைத் தொடங்கினார்கள். அப்போது சந்தையில் இருந்த மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரி சரியில்லை, நல்ல பேட்டரி செய்துகொடுப்போம் என்றுதான் ஆரம்பித்தார்கள். போகப்போக, நல்ல பேட்டரியை மாட்டுவதற்கு ஏற்ற ஸ்கூட்டரே இல்லை என்று புரிந்ததும் ஸ்கூட்டரையும் தாங்களே வரையத் துணிந்தார்கள். 2018-இல் பெங்களூருவில் முதல் வண்டிகள் வாடிக்கையாளர் கைக்குப் போயின. இன்று அவர்கள் ஆலை ஓசூரில். ஒரு துறையின் வகுப்பறையில் தொடங்கிய யோசனை, தமிழ்நாட்டு எல்லைக்குள் ஆயிரக்கணக்கானோருக்கு வேலையாக வந்து நின்றது. ஆலையைக் கூட்டிவர அரசு கொடுக்கும் சலுகைகளைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆலையைப் பெற்றெடுக்கிற துறைகளைப் பற்றி அதில் பாதியாவது எழுதியிருக்க வேண்டும்.

மாணவர்களின் கார்ப் போட்டிகளும் இந்த ஆலைப் பகுதியோடு பிணைந்தவைதான். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் 1990 முதல் இருக்கிறது, ஹூண்டாய்க்கும் மூத்தது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ இந்தியா நடத்தும் மாணவர் பந்தயக் கார்ப் போட்டி தன் ஆரம்ப வருடங்களில் இந்தத் தடத்தில்தான் நடந்தது. பந்தயம் என்றதும் வேகம் என்று நினைக்க வேண்டாம். இந்த வகைப் போட்டிகளில் கார் ஓடுவதற்கு முன்பே பரீட்சை தொடங்கிவிடும். தொழிலில் ஊறிய பொறியாளர்கள் காரைச் சுற்றி நின்று கேட்பார்கள்: இந்தக் குழாய் ஏன் இவ்வளவு தடிமன்? இந்த இடத்தில் வெல்டிங்குக்குப் பதில் போல்ட் ஏன்? இதே காரை ஆயிரம் செய்தால் ஒன்று என்ன விலை ஆகும்? சாஃப்ட்வேர் சொன்னது என்று பதில் சொன்னால் மதிப்பெண் போச்சு. செலவுக் கணக்குக்குத் தனி மதிப்பெண், வியாபாரத் திட்டத்துக்குத் தனி. கடைசியில் நீண்டதூர ஓட்டத்தில் பாதி வழியில் சங்கிலி கழன்று நிற்கிற கார்கள் நிறைய. அந்த மாணவர்களின் முகத்தைப் பார்க்கும்போது எந்த வகுப்பும் இதைக் கற்றுத்தராது என்று தோன்றும்.

சென்னை ஐஐடியின் ரஃப்தார் அணி பல வருடம் பெட்ரோல் கார் செய்து பழகிவிட்டு, 2022 நவம்பரில் தன் முதல் மின்சாரப் பந்தயக் காரை வெளியே கொண்டுவந்தது. ஆவிஷ்கார் என்ற இன்னொரு மாணவர் அணி 2019-இல் அமெரிக்காவில் நடந்த ஹைப்பர்லூப் இறுதிப் போட்டி வரை போனது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத் தையூரில் உள்ள ஐஐடியின் புதிய வளாகத்தில் நானூறு மீட்டருக்கு மேல் நீளமான சோதனைக் குழாய் நிற்கிறது. தையூரும் கேளம்பாக்கத்துக்குப் பக்கம்தான். வண்டலூரிலிருந்து கிழக்கே போகும் சாலையை ஒட்டி இப்படி ஒரு மாணவர் தொழிற்கூடமே உருவாகிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எனக்கு இந்தக் கார்களைவிடப் பெரியதாகத் தெரிவது ஐஐடியின் இயந்திரப் பொறியியல் துறையில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் நடத்தும் ஆய்வகத்தின் வேலை. உட்கார்ந்தே இருக்க வேண்டியவர்கள் எழுந்து நிற்க உதவும் அரைஸ் சக்கர நாற்காலி 2019-இல் அங்கிருந்து வந்தது. அடுத்த வருடம் வந்த நியோஃப்ளை நாற்காலியை, பயன்படுத்துபவரின் உடம்புக்கு ஏற்பப் பதினெட்டு விதங்களில் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். முதுகு எவ்வளவு உயரம், கால் எங்கே தங்க வேண்டும், கை சக்கரத்தை எங்கே தொடுகிறது என்று ஒவ்வொருவரையும் அளந்து செய்கிறார்கள். மனிதரை அளந்து பொருளைச் செய்வது என்ற இந்தப் பழக்கத்தை ஒரகடத்துக்குள் கூட்டிவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லைனில் வேலை செய்யும் மேசையின் உயரம் யாருடைய உடம்பை வைத்து முடிவாகிறது? இங்கே மின்னணு ஆலைகளில் பெரும்பான்மை இளம் பெண்கள். எட்டு மணி நேரம் நின்றபடி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள். ஒரு தட்டு இரண்டு அங்குலம் தாழ்ந்தால் தோள்வலி குறையும் என்றால், அதைச் சொல்ல முதலில் தோள் வலிக்கிறவரைக் கேட்க வேண்டும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்த விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை. ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வருபவர் தூங்கும் அறையில், ஷிப்டுக்குக் கிளம்புபவர் விளக்கைப் போடாமல் எப்படித் தயாராவது? துணி உலர்த்த இடம் எங்கே? வீட்டோடு தனியாகப் பேச மூலை எங்கே? இவையெல்லாம் வடிவமைப்புக் கேள்விகள். மேலக்கோட்டையூர் மாணவர் ஒருவருக்கு ஒரு பருவம் முழுக்க வேலை செய்யத் தாராளமாகப் போதும். கார் வரைவதற்குக் கிடைக்கும் மரியாதை இதை வரைவதற்கும் கிடைக்க வேண்டும்.

தொழிலாளிகள் இதற்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆலைகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும், சுவரில் கைசன் பலகை தொங்கும். லைனில் நிற்பவர் சொன்ன யோசனை, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி மாற்றினோம் என்று இரண்டு படங்களோடு ஒட்டியிருப்பார்கள். நட்டு கீழே விழாமலிருக்க ஒரு சின்னத் தடுப்பு, பாகத்தைத் தலைகீழாக மாட்ட முடியாதபடி ஜிக்கில் ஒரு முளை, குனியாமல் எடுக்க வண்டிக்கு ஒரு சரிவு. ஐடிஐ படித்தவரும் டிப்ளமோ படித்தவரும் செய்தவை. இதுவும் வடிவமைப்புதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த அறிவு பலகையோடு நின்றுவிடுகிறது. அதைச் செய்தவருக்கு ஒரு பாராட்டுத் தாளும் பரிசுக் கூப்பனும் கிடைக்கும். வரையும் மேசைக்குப் போக வழி கிடைக்காது. பத்து வருடம் ஜிக் செய்து பழகிய டூல் ரூம் அண்ணன் ஒருவரை அழைத்துவந்து, ஒரு பருவம் மாணவர்களுக்குக் கற்பிக்க வைக்கிற துணிச்சல் எந்தத் துறைக்கு வரும்? சம்பளமும் பதவிப் பெயரும் கொடுத்து முறைப்படி அழைக்க வேண்டும். அவர் தமிழில் கற்பிக்கட்டும். மாணவர் பட்டம் வாங்கும் முன் ஒரு மாதம் ஷிப்டில் நின்று பார்க்கட்டும், விருந்தாளியாக அல்ல, சீருடையோடு.

ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மோதல் சோதனைக் கூடத்தோடு. சென்னை டைடல் பூங்காவில், மாநில அரசு நிறுவனமான டிட்கோ, தசால்ட் நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்த டான்கேம் மையத்தில் உயர்ந்த வடிவமைப்பு மென்பொருள்கள் இருக்கின்றன. கருவிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வாசலில்தான்.

வாலாஜாபாத் அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண், நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் வண்டி வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஒரகடத்தில் லைனில் நிற்கிறார். வடிவமைப்பு என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கென்று யூசீட் என்று ஒரு நுழைவுத்தேர்வு இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? மும்பை ஐஐடி நடத்தும் அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. சென்னை ஐஐடியின் பொறியியல் வடிவமைப்புத் துறையில் சேரவோ ஜேஇஇ அட்வான்ஸ்டு தாண்ட வேண்டும். ஜேஇஇ மெயின் 2021 முதல் தமிழிலும் நடக்கிறது. வடிவமைப்புத் தேர்வையும் தமிழில் நடத்தச் சொல்லி மாநில அரசு கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதை 2007-இன் வடிவமைப்புக் கொள்கை நமக்குச் சொல்லிவிட்டது.

அதுவரை ஸ்ரீபெரும்புதூர், படப்பை, வாலாஜாபாத் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் யூசீட் பற்றிச் சொல்லிவைத்தால் நல்லது. அறிவியல் மட்டுமல்ல, வணிகவியல், கலைப்பிரிவு மாணவர்களும் எழுதலாம். கணினியில் விடையளிக்கும் பகுதியோடு, தாளில் கையால் வரைந்து காட்ட வேண்டிய பகுதியும் உண்டு. இந்தத் தேர்வு எழுதினால் மும்பை, டெல்லி, குவாஹாத்தி, ஹைதராபாத் உள்ளிட்ட ஐஐடிகளிலும் ஜபல்பூர் ஐஐஐடிடிஎம்மிலும் நான்கு வருட வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு வாய்ப்பிருக்கிறது. விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும். தேர்வு ஜனவரியில்.